சின்ன பைக்ல டயர் தொந்தரவு: ஆட்டம், வழுக்கல், காத்து இறங்குறது, எதுக்கு எங்க பாக்கணும்

பைக் ஓட்ட இப்பதான் பழகுறவங்களுக்கு ஒரு சங்கடம். வண்டி ஒரு மாதிரி போகுதுன்னு தோணும், ஆனா அது நாம ஓட்டுற லட்சணமா இல்ல வண்டியோட கோளாறான்னு பிரிச்சு சொல்ல தெரியாது, ஏன்னா ஒப்பிட்டு பாக்க இதுக்கு முன்னாடி ஓட்டின வண்டின்னு ஒண்ணு கிடையாது. அதனால என்ன ஆகும்னா, ஒழுங்கா ஓட்டுற ஆளு கூட "எனக்கு வளைவு வரவே மாட்டேங்குது"ன்னு நினைச்சுக்கிட்டு மாசக்கணக்கா 18 பிஎஸ்ஐ (டயர் காத்தழுத்தத்த அளக்குற அலகு) காத்தோட சுத்திட்டு இருப்பாரு, இல்லன்னா நேர் எதிரா, காத்து அடிச்சா முடிஞ்சிருக்க வேண்டிய விஷயத்துக்கு ரெண்டு புது டயர் வாங்கி மாட்டிருவாரு. 125 சிசிலேந்து 300 சிசி வரைக்கும் உள்ள வண்டிங்கள மனசுல வெச்சுதான் இத எழுதுறேன். உங்க தொந்தரவு எதுவோ அந்த தலைப்புக்கு நேரா போயிடலாம், ஆனா முதல் தலைப்ப மட்டும் யாரும் தாண்டாதீங்க, அத செய்யாம மத்தத படிச்சு புண்ணியம் இல்ல.

எதுவா இருந்தாலும் முதல்ல இது

சொந்தமா ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வெச்சுக்கோங்க. பெட்ரோல் பங்க்ல தொங்குற கேஜ் எத்தன தடவ கீழ விழுந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது, ஒரே டயர ரெண்டு பங்க்ல பாத்தா ரெண்டு நம்பர் வரும். உங்க கேஜே ஒண்ணு ரெண்டு தப்பா காட்டினாலும் பரவால்ல, எப்பவும் ஒரே மாதிரி தப்பா காட்டும், அதனால போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்ளோ இறங்கிருக்குன்னாவது தெரியும்.

பாக்க வேண்டியது டயர் ஆறி இருக்கும்போது. வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், காலையில எடுக்குறதுக்கு முன்னாடி பாத்தா ரொம்ப நல்லது. ஓட்டிட்டு வந்து பாத்தா உள்ள காத்து சூடாகி நம்பர் ஏறியிருக்கும், அத பாத்துட்டு "ஐயையோ ஜாஸ்தியா இருக்கே"ன்னு காத்த இறக்கிட்டீங்கன்னா மறுநாள் காலையில கம்மியா நிக்கும். குளிர் காலத்துல தானாவே குறையும், வெளி வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினா சுமார் 1.5 பிஎஸ்ஐ போயிடும். இது போக ஒரு ஓட்டையும் இல்லாத டயர் கூட மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ விடும், அது ரப்பரோட குணம்.

எவ்ளோ அடிக்கணும்ங்கறது ஸ்விங் ஆர்ம்லயோ (பின் வீல தாங்கி புடிக்கிற கை) செயின் கவர்லயோ ஒரு ஸ்டிக்கர்ல இருக்கும், இல்லன்னா மேனுவல்ல இருக்கும். சின்ன வண்டிங்கள்ல முன்னாடி 25-லேந்து 30, பின்னாடி 28-லேந்து 36ன்னு வண்டிக்கு வண்டி மாறும். ஸ்டிக்கர்ல 200 கேபிஏன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, அது 2 பார், அதாவது 29 பிஎஸ்ஐ. டயரோட பக்கவாட்டுல 41, 42ன்னு ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும் பாருங்க, அது அந்த டயர் முழு லோடு தாங்கும்போது வெச்சுக்கலாம்னு சொல்ற உச்சபட்ச அளவு, உங்க வண்டிக்கு அடிக்க வேண்டிய அளவு இல்ல. இந்த ஒரு குழப்பத்தால கல்லு மாதிரி டயரோட ஓட்டிட்டு "சஸ்பென்ஷன் சரியில்ல"ன்னு புலம்புறவங்க நிறைய பேரு. பின்னாடி ஆள் உக்காந்தா எவ்ளோன்னு அதே ஸ்டிக்கர்ல தனியா போட்டிருப்பாங்க, பெரும்பாலும் பின் டயருக்கு மட்டும் ஏறும்.

நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேப்பீங்க. நீங்க சும்மா அடிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இஷ்டம் இருந்தா அடிங்க, ஆனா நைட்ரஜன் அடிச்சாச்சுன்னு கேஜ தூக்கி பரண்ல போட்டுறாதீங்க.

ஹேண்டில் கனமா இருக்கு, வளைவுல வண்டி சாய மாட்டேங்குது

முன் டயர்ல காத்து கம்மி. மேல சொன்னத செஞ்சிருந்தா பாதி பேருக்கு இங்கயே முடிஞ்சிருக்கும். காத்து கம்மியா இருந்தா டயர் ரோட்டுல அகலமா படிஞ்சு உக்காரும், மெதுவா திருப்பும்போது ஹேண்டில தள்ள வேண்டியிருக்கும், கொஞ்சம் வேகத்துல வளைவு எடுத்தா வண்டி சாயத்தான் செய்யும் ஆனா ஏதோ பஞ்சு மேல நிக்கிற மாதிரி பிடிமானம் இல்லாம இருக்கும்.

காத்து சரியா இருக்கு, இன்னும் அப்படியேதான்னா பின்னாடி போய் குத்தவெச்சு உக்காந்து பின் டயர நேரா பாருங்க. டயரோட மேல்பக்கம் வளைவா இருக்கணும். நெடுஞ்சாலையில நேரா நேரா ஓட்டின டயர் நடுவுல மட்டும் தேஞ்சு தட்டையா ஆயிருக்கும், அந்த தட்டை முடியுற எடத்துல ரெண்டு பக்கமும் ஒரு விளிம்பு மாதிரி நிக்கும். வண்டிய சாய்க்கும்போது முதல்ல வராம அடம் புடிச்சு, அந்த விளிம்ப தாண்டினதும் சடக்குன்னு விழுற மாதிரி இருந்தா இதுதான் காரணம். இதுக்கு வைத்தியம் எல்லாம் கிடையாது, டயர மாத்தணும், ட்ரெட் (ரோட்டுல படுற பள்ளம் வெட்டின ரப்பர்) இன்னும் கொஞ்சம் இருந்தாலும்.

இன்னொன்னு, செகண்ட் ஹேண்ட் வண்டியா இருந்தா பின் டயர் சைஸ படிங்க. முன்னாடி வெச்சிருந்தவரு "லுக்கா இருக்கும்"னு ஒரு சைஸ் பெருசா போட்டிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதப்பத்தி கீழ டயர் வாங்குற எடத்துல விவரமா சொல்றேன்.

வண்டி ஒரே பக்கமா இழுக்குதுன்னா, ரோடே ஓரத்துக்கு சரிவா போட்டிருப்பாங்க, முதல்ல அத மறந்துறாதீங்க. சமமான ரோட்டுலயும் இழுத்தா டயர விட பின் வீல் நேரா நிக்குதான்னுதான் சந்தேகப்படணும். செயின் டைட் பண்ணும்போது ரெண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே அளவுல வெச்சாங்களான்னு பாருங்க.

காத்து ரெண்டு மூணு நாள்ல இறங்கிடுது

இங்க பொறுமைதான் முக்கியம், கண்ணுக்கு ஆணி தெரியலங்கறதால பஞ்சர் இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது, ஆணி தெரியுதுங்கறதால அதுதான் காரணம்னும் முடிவு பண்ணக்கூடாது.

முதல்ல வால்வு. மூடிய கழட்டிட்டு வால்வு வாயில எச்சில் தொட்டு வெச்சு பாருங்க, ஒரு நிமிஷம் கண்ண எடுக்காம. மெல்ல ஒரு கொப்புளம் எழும்பினா உள்ள இருக்கிற பின் லூசா இருக்கு, இல்ல அதோட சின்ன ரப்பர் செத்துப்போச்சு, இல்ல ஒரு மண்ணு துகள் மாட்டியிருக்கு. பின்ன திருகுறதுக்குன்னு பிளவு வெச்ச சின்ன சாவி இருக்கு, கொஞ்சம் இறுக்கி பாருங்க, நிக்கலன்னா பின்ன மாத்திடுங்க, வேலையே ரெண்டு நிமிஷம். அடுத்து வால்வோட அடிப்பாகம். சோப்பு தண்ணிய நல்லா ஊத்திட்டு வால்வு தண்ட கட்டவிரலால ஒரு பக்கமா வளைச்சு புடிங்க. நேரா நிக்கும்போது மூடிக்கிட்டு இருக்கிற வெடிப்பு வளைச்சா வாய் திறக்கும், குமுகுமுன்னு நுரை வரும். இது ரப்பர் வால்வுல சகஜம், வருஷமாக வருஷமாக காஞ்சு போகும், அதனாலதான் டியூப்லெஸ் டயர மாத்தும்போதெல்லாம் வால்வையும் சேத்து மாத்த சொல்றது.

வால்வு நல்லா இருந்தா டயர் முழுக்க சோப்பு தண்ணி. வீல கொஞ்சம் கொஞ்சமா சுத்திக்கிட்டே பாருங்க, ட்ரெட் பள்ளத்துக்குள்ள எல்லாம். கொப்புளம் வர்ற எடத்த சாக்பீஸால வட்டம் போட்டுட்டு அப்புறம் ஆணிய தேடுங்க. ஆணி கண்டா உடனே புடுங்கிறாதீங்க. கையில பஞ்சர் கிட்டும் பம்பும் இல்லாம நடுரோட்டுல புடுங்கினா, மெதுவா இறங்கிட்டு இருந்த காத்து புஸ்ஸுன்னு போயிடும், வண்டிய தள்ளிக்கிட்டுதான் போகணும்.

ட்ரெட்லயும் ஒண்ணும் இல்லயா, டயரும் ரிம்மும் சேர்ற வரிசையில சோப்பு தண்ணி ஊத்துங்க. பழைய அலாய் வீல்ல டயர் உக்கார்ற எடத்துல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா துரு புடிச்சு, அந்த சொரசொரப்பு வழியா காத்து கசியும். ரிம்ம டயர் கடையில பிரிச்சு அந்த எடத்த தேச்சு சுத்தம் பண்ணி திரும்ப உக்கார வெச்சா நின்னுடும். பள்ளத்துல இறங்கி ரிம் வளைஞ்சிருந்தாலும் இதே எடத்துலதான் கசியும்.

ஸ்போக் வீல் வெச்சிருக்கிறவங்களுக்கு கதை வேற. பெரும்பாலான ஸ்போக் வீல்ல டியூப்தான் இருக்கும், டயர்ல டியூப்லெஸ்னு எழுதியிருந்தாலும் சரி, ஸ்போக் ஓட்டை வழியா காத்து போகும்ல. டியூப்ல ஆணி குத்தினா பெரும்பாலும் மெதுவா எல்லாம் இறங்காது, ஓடிட்டு இருக்கும்போதே போயிடும், அதனால வண்டி திடீர்னு பின்னாடி அலைஞ்சா பிரேக்க அழுத்தி புடிக்காம ஆக்சிலரேட்டர விட்டு நேரா ஓரம் கட்டுங்க. டியூப் வண்டியில இன்னொரு அடையாளம் இருக்கு, நிறைய பேரு கவனிக்க மாட்டாங்க: வால்வு ரிம்லேந்து நேரா வெளிய நிக்காம ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். காத்து கம்மியா ஓட்டும்போது, பிரேக் புடிக்கிறப்பயும் முறுக்குறப்பயும் டயர் ரிம் மேல கொஞ்சம் கொஞ்சமா நகரும், டியூபயும் இழுத்துக்கிட்டே போகும், ஆனா வால்வு ரிம் ஓட்டையில மாட்டியிருக்கிறதால அது மட்டும் சாயும். அப்படியே விட்டா ஒரு நாள் வால்வு டியூபோட வேரோட பிஞ்சிடும், அதுக்கு ஒட்டு போடவும் முடியாது. சாஞ்சு நிக்குறத பாத்தா காத்த முழுசா இறக்கி, டயர தளர்த்தி, நேரா வெச்சு திரும்ப அடிங்க.

பஞ்சர் ஒட்டுறத பத்தி ஒரு வார்த்தை. டியூப்லெஸ்ல வெளியிலேந்து குத்தி சொருகுற திரி வீடு போய் சேர்றதுக்கு. அதுக்கப்புறம் டயர கழட்டி உள்பக்கத்துலேந்து காளான் மாதிரி ஒட்டு போடுறதுதான் முறை. ஓட்டை ட்ரெட்ல இருக்கணும், 6 மிமீக்குள்ள இருக்கணும். பக்கவாட்டுல குத்தினா ஒட்டவே கூடாது, எவ்ளோ புது டயரா இருந்தாலும், எவ்ளோ வயித்தெரிச்சலா இருந்தாலும். அந்த எடம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி விரியுற எடம்.

ஹேண்டில் ஆடுது, வண்டி அதிருது

ரெண்டும் வேற வேற. எப்ப ஆடுதுங்கறத வெச்சே பாதி கண்டுபுடிச்சிடலாம்.

வேகத்த குறைச்சுக்கிட்டு வரும்போது, 70, 60ன்னு இறங்குற நேரத்துல புடிய லேசா விட்டா ஹேண்டில் எடது வலதா படபடன்னு ஆடுதா? கெட்டியா புடிச்சா நின்னுடுதா? முன் டயர் கோணலா தேஞ்சிருக்கு, இல்லன்னா ஹேண்டில் தண்டுல இருக்கிற கோன் செட் லூஸ். முதல்ல டயர். வண்டிய நிறுத்திட்டு உள்ளங்கைய முன் டயர் மேல வெச்சு சுத்துற திசையில ஒரு தடவ தடவுங்க, அப்புறம் எதிர் திசையில தடவுங்க. ஒரு பக்கம் வழுவழுன்னும் மறுபக்கம் ட்ரெட்டோட ஒவ்வொரு பட்டனும் கையில இடிக்கிற மாதிரியும் இருந்தா, பட்டனோட ஒரு முனை மட்டும் தேஞ்சு ரம்பம் பல்லு மாதிரி ஆயிருக்கு. லேசா இருந்தா எல்லா முன் டயருக்கும் வர்றதுதான், விடுங்க. கண்ணால பாத்தாலே மேடு பள்ளமா தெரிஞ்சா, ஓடும்போது உய்ய்ய்னு ஒரு சத்தமும் வந்தா, டயர் முடிஞ்சுது. காத்து கம்மியா ஓட்டினா இது சீக்கிரம் வரும், முன் ஷாக் ஆயில் செத்துப்போயிருந்தாலும் வரும், அதனால புது டயர்லயும் சீக்கிரமே இதே கதைன்னா டயர் கம்பெனிய திட்டாம ஷாக்க பாருங்க.

கோன் செட் பாக்க முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு வண்டிய முன்ன பின்ன ஆட்டுங்க, டொக்கு டொக்குன்னு கைக்கு தெரிஞ்சா லூஸ். முன் வீல் தரையில படாம தூக்கி நிறுத்தி ஹேண்டில மெதுவா திருப்பும்போது நடுவுல ஒரு எடத்துல மட்டும் டக்குன்னு மாட்டுற மாதிரி இருந்தா கோன் செட் தேஞ்சிருக்கு, இறுக்கி பிரயோஜனம் இல்ல, மாத்தணும். வீல் தூக்கின கையோட வீல மேலயும் கீழயும் புடிச்சு அசைச்சு பாருங்க, ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. இதெல்லாம் டயர் தொந்தரவு இல்லதான், ஆனா டயர் தொந்தரவு மாதிரியே வேஷம் போட்டு வரும்.

வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறுதுன்னா பேலன்ஸ், அதாவது வீல் எடை சுத்திலும் சமமா இல்ல. ரிம் மேல ஒட்டியிருந்த சின்ன வெயிட் விழுந்திருக்கலாம், அது இருந்த எடத்துல பசை தடம் சதுரமா தெரியும். டயர் மாத்தின அன்னிக்கே ஆரம்பிச்சிருந்தா கடையில பேலன்ஸ் பண்ணலன்னு அர்த்தம். சின்ன வண்டிக்கு பேலன்ஸ் எதுக்குன்னு கடைக்காரரே சொல்லுவாரு, 60-ல ஓட்டினா தெரியாதுதான், 90-ல ஓட்டினா தெரியும், விடாம கேட்டு பண்ணிக்கோங்க. புது டயர்ல மஞ்ச புள்ளி ஒண்ணு இருந்தா அது டயரோட எடை கம்மியான பக்கம், அத வால்வு பக்கத்துல வெச்சு மாட்டினா வெயிட் கம்மியா போதும். பஞ்சர் ஆகாம இருக்கன்னு உள்ள ஊத்துற ஜெல்லும் பேலன்ஸ கெடுக்கும், வண்டி ரொம்ப நாள் நின்னா அடியில போய் தேங்கிடும்.

மெதுவா போகும்போதே ஒவ்வொரு சுத்துக்கும் டுப்பு டுப்புன்னு தூக்கி போட்டா அது பேலன்ஸ் இல்ல, வட்டமே சரியில்ல. ஃபோர்க்குல (முன் வீல புடிச்சிருக்கிற ரெண்டு தண்டு) ஒரு கேபிள் டைய (பிளாஸ்டிக் கட்டு பட்டை) கட்டி வாலு ரிம்ம தொட்டும் தொடாம நிக்கிற மாதிரி வெட்டிட்டு வீல சுத்துங்க. இடைவெளி கூடி குறைஞ்சா ரிம் வளைஞ்சிருக்கு. பல மேனுவல்ல 2 மிமீதான் எல்லை, சிலதுல அதவிட கம்மி. ரிம் நேரா இருக்கு, டயர் மட்டும் ஏறி இறங்குதுன்னா, டயர் ரிம்ல சரியா உக்காரல, இல்லன்னா ரப்பருக்கு உள்ள பலத்துக்கு வெச்ச நூல் பிஞ்சு வீங்கியிருக்கு. ஒரே எடத்துல மாசக்கணக்கா நிறுத்தின வண்டின்னா அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும், காத்த சரியா வெச்சு கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டினா பெரும்பாலும் சரியாயிடும்.

ரோட்டுல கோடு கோடா இருந்தா வண்டி தானா நெளியுது

கான்கிரீட் ரோட்டுல தண்ணி வடியறதுக்கு நீள வாக்குல கோடு கீறியிருப்பாங்க, முன் டயரோட நடு பள்ளம் அதுல மாட்டி மாட்டி விடும். எடை கம்மியான வண்டில ஜாஸ்தியா தெரியும். கோளாறு இல்ல. ஹேண்டில இறுக்கி புடிச்சா இன்னும் மோசமா இருக்கும், தோளயும் கையையும் லூசா விட்டு சீரான வேகத்துல போங்க. நடுவுல ஒரே நேர் பள்ளம் இருக்கிற ட்ரெட்ல இது அதிகம், அடுத்த டயர் வாங்கும்போது வேற டிசைன் பாத்துக்கலாம்.

பின் டயர் வழுக்குது

செயினுக்கு எப்ப லூப் (செயின் மசகு ஸ்ப்ரே) அடிச்சீங்க? நேத்தா? அப்ப விடை கெடச்சாச்சு. ஸ்ப்ரே பண்ணும்போது டயர் மேல படும், இல்லன்னா ஜாஸ்தியா அடிச்சது ஓடும்போது தெறிச்சு டயரோட ஒரு பக்கத்துல கோடா படியும், நேரா போகும்போது ஒண்ணும் தெரியாது, அந்த பக்கம் சாஞ்சா தெரியும். பாத்திரம் கழுவுற சோப்பும் சுடுதண்ணியும் போட்டு பிரஷ்ஷால தேச்சு கழுவுங்க, பெட்ரோல் போடாதீங்க. டிஸ்க் பிரேக் இருந்தா அதுலயும் பட்டிருக்கான்னு பாத்துடுங்க. இனிமே ஓட்டிட்டு வந்ததும் செயின் சூடா இருக்கும்போது உள்பக்கமா அடிச்சு, டயருக்கு நடுவுல ஒரு அட்டைய வெச்சு, ஒரு ராத்திரி ஊற விட்டு, காலையில மிச்சத்த துணியால தொடச்சுட்டு கிளம்புங்க. டயர் கருகருன்னு மின்னட்டும்னு பாலிஷ் அடிக்கிறதும் இதே கேஸ்தான், பக்கவாட்டுல அடிச்சது ஒழுகி ட்ரெட்டுக்கு வரும். கார்ல அடிச்சா அழகு, பைக்ல அடிச்சா ஆஸ்பத்திரி.

டயர் புதுசுன்னா மேல் தோல் பளபளன்னு இருக்கும், பிடிமானம் இருக்காது. முதல் 150 கிலோமீட்டர் வரைக்கும் திடீர் பிரேக், திடீர் முறுக்கல் வேணாம், ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் கொஞ்சமா சாய்ச்சு ஓரம் வரைக்கும் மேல் தோல் போக விடுங்க. மணல் தாள் போட்டு தேய்க்குறதெல்லாம் வேண்டாத வேலை.

டயர் பழசு, ட்ரெட் இருக்கு, ஆனாலும் மழைன்னாலே வழுக்குதுன்னா நகத்தால ட்ரெட்ட அழுத்தி பாருங்க. ரப்பர் லேசா அமுங்கி கொடுக்கணும். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்தா ரப்பர் செத்துடுச்சு. தேதிய பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அடுத்தது அதுதான்.

பக்கவாட்டுல வெடிப்பு இருக்கு, ட்ரெட் நல்லாதான் இருக்கு

கம்மியா ஓட்டுற வண்டிக்கு வர்ற வியாதி. டயர் பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசியில நாலு நம்பர் ஒரு சின்ன கட்டத்துக்குள்ள இருக்கும், ரெண்டு பக்கமும் இருக்காது, ஒரு பக்கம் காணோம்னா மறுபக்கம் பாருங்க. 3519ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். மூணு நம்பர்தான் இருந்தா அது 2000-க்கு முன்னாடி செஞ்ச டயர், அத ஓட்டாதீங்க. பொதுவா டயர் கம்பெனிகள் சொல்றது, அஞ்சு வருஷம் ஓடினதும் வருஷா வருஷம் கடையில காட்டுங்க, செஞ்ச தேதிலேந்து பத்து வருஷம் ஆச்சுன்னா எப்படி இருந்தாலும் மாத்திடுங்கன்னு. நான் பைக்குக்கு பத்து வரைக்கும் எல்லாம் காத்திருக்க மாட்டேன், ஆறு ஏழு வருஷத்துல மாத்திடுவேன், நிக்கிறதே ரெண்டு டயர் மேலதான்.

முடி மாதிரி மெல்லிசா மேலாக்க வெடிப்பு இருந்தா கவனிச்சுக்கிட்டே ஓட்டலாம். நகம் உள்ள இறங்குற ஆழம் இருந்தாலோ, உள்ள நூல் தெரிஞ்சாலோ, எங்கயாவது கொப்பளம் மாதிரி வீங்கியிருந்தாலோ அன்னிக்கே நிறுத்தணும். வீக்கம்னா உள்ள நூல் அறுந்து காத்து ரப்பர தள்ளுதுன்னு அர்த்தம், எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாது.

தேய்மானத்துக்கு ட்ரெட் பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன மேடு மேடா இருக்கும். எங்க இருக்குன்னு காட்ட பக்கவாட்டுல ஒரு குட்டி முக்கோணமோ டி டபிள்யூ ஐன்னு எழுத்தோ இருக்கும், அதுக்கு நேர் மேல பள்ளத்துல விரல விட்டு பாருங்க. சுத்தி உள்ள ட்ரெட்டும் அந்த மேடும் சமமாயிட்டா டயர் முடிஞ்சுது. பின் டயர நடுவுலதான் பாக்கணும், ஓரத்துல நிறைய இருக்கேன்னு ஏமாறாதீங்க.

மாத்தித்தான் ஆகணும், எது வாங்குறது

வண்டியோட வந்த அதே சைஸ். இத ஏத்துக்கிட்டா மிச்சம் சுலபம்.

110/70-17 54எஸ்னு இருந்தா 110 மிமீ அகலம், அதுல 70 சதவீதம் அதாவது 77 மிமீ உயரம், 17 இன்ச் ரிம், 54ங்கறது 212 கிலோ தாங்கும், எஸ் மணிக்கு 180 கிலோமீட்டர் வரைக்கும். கடைசி ரெண்டும் வண்டிக்கு சொன்னதவிட ஜாஸ்தியா இருக்கலாம், கம்மியா இருக்கக்கூடாது. நடுவுல கோடு இருந்தா பயஸ் டயர், ஆர் இருந்தா ரேடியல். சின்ன வண்டிங்க நிறைய பயஸ்லதான் வருது, அது ஒண்ணும் மட்டம் இல்ல, எடைக்கும் வேகத்துக்கும் போதும். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டையும் கலக்காதீங்க, வண்டி கம்பெனியே அப்படி கொடுத்திருந்தா ஒழிய.

இப்ப அகல டயர் விஷயம். பின்னாடி 130/70 இருந்த எடத்துல 140/70 போட்டா என்ன ஆகும்? உயரம் 91 மிமீலேந்து 98 மிமீ ஆகுது, வண்டியோட பின்பக்கம் 7 மிமீ தூக்கும், டயர் சுத்தளவு 2 சதவீதத்துக்கு மேல கூடும், அதாவது கியர் அவ்ளோ நீளமாகும், ஏற்கனவே மூச்சு வாங்குற சின்ன இன்ஜின் இன்னும் கொஞ்சம் சோம்பேறியாகும். ஒரு சைஸோட நிறுத்தினா இதோட போச்சு. ரிம் அகலத்துக்கு மீறி ரெண்டு மூணு சைஸ் ஏத்தினா டயரோட ரெண்டு ஓரமும் உள்ள இழுக்கப்பட்டு நடுவுல கூம்பா நிக்கும், சாயும்போது ரோட்டுல படுற எடம் நினைச்ச மாதிரி இருக்காது, செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ உரசும். ஒவ்வொரு சைஸுக்கும் எந்த ரிம் அகலத்துலேந்து எது வரைக்கும்னு டயர் கம்பெனி பட்டியல்ல இருக்கும், அத பாக்காம கடைக்காரர் "தாராளமா உக்காரும் சார்"னு சொல்றத நம்பாதீங்க. உக்காரத்தான் செய்யும்.

ரேஸ் டயர் மாதிரி ரொம்ப மெத்துன்னு உள்ளதும் வேணாம். அது சூடு ஏறினாதான் வேலை செய்யும், 150 கிலோ வண்டி ஊருக்குள்ள ஓடி அந்த சூட்ட ஏத்தாது, அதுக்குள்ள தேஞ்சு போயிடும். பழகுறவங்களுக்கு மழையில நம்பி பிரேக் புடிக்கிற மாதிரி ஒரு டூரிங் டயர் போதும். காசு ஒரு டயருக்குதான் இருக்குன்னா தேஞ்சத மாத்துங்க, ஆனா முன் டயர்ல கஞ்சத்தனம் வேணாம், பின்னாடி வழுக்கினா சமாளிக்க ஒரு நொடி கிடைக்கும், முன்னாடி வழுக்கினா அதுவும் கிடைக்காது. வாங்கும்போதே கடையில நாலு நம்பர் தேதிய பாத்துடுங்க.

புது டயர் மாட்டிட்டு வந்ததும் ஏதோ சரியில்ல

கடையிலேந்து கிளம்புறதுக்கு முன்னாடியே முன் பிரேக்க நாலஞ்சு தடவ அமுக்கி பாருங்க. வீல் கழட்டும்போது பேட் பின்னாடி தள்ளிப்போயிருக்கும், முதல் தடவ அமுக்கினா லிவர் புடியோட போய் ஒட்டும், பிரேக்கே இருக்காது. நாலு தடவ அமுக்கினா கெட்டியாகும். பின் பிரேக்கையும் மிதிச்சு பாத்துக்கோங்க. இத தெருமுனையில போய் கண்டுபுடிக்கக்கூடாது.

அப்புறம் பக்கவாட்டுல இருக்கிற அம்புக்குறி வீல் முன்னாடி சுத்துற திசைய காட்டுதா. ரிம்ம ஒட்டி டயர்ல ஒரு மெல்லிசான கோடு வட்டமா ஓடும், அது ரிம்லேந்து சுத்திலும் ஒரே தூரத்துல இருக்கணும், ஒரு எடத்துல மட்டும் உள்ள முழுகியிருந்தா டயர் அங்க உக்காரல, அதான் டுப்பு டுப்புன்னு தூக்கி போடுது. காத்த இறக்கிட்டு சோப்பு தண்ணி தடவி திரும்ப அடிக்க சொல்லுங்க, டப்புன்னு சத்தத்தோட உக்காரும். அடிக்கும்போது விரல அந்த பக்கம் வைக்காதீங்க, உக்காரலங்கறதுக்காக டயர்ல போட்டிருக்கிற உச்ச அளவ மீறி அடிக்கவும் விடாதீங்க.

பின் வீல்னா செயின் தொய்வு மாறியிருக்கும், வீல கையால சுத்தினா தடையில்லாம சுத்தணும், பிரேக் உரசலோ செயின் இறுக்கமோ இருந்தா அங்கயே சரி பண்ண சொல்லுங்க. வீல் ரெண்டு பக்கமும் வர்ற புஷ் மாறிப்போச்சுன்னா வீல் நடுவுல நிக்காது. ஆக்சில் நட்டுக்கு மேனுவல்ல டார்க் அளவு (எவ்ளோ இறுக்கணும்ங்கறது) இருக்கு, கடையில ஏர் கன்னால விர்ர்ருன்னு இறுக்கியிருப்பாங்க, அத லூஸ் பண்ணி டார்க் ரெஞ்ச்ல சரியா வைக்க சொல்லுங்க, காட்டர் பின் (நட்டு கழலாம இருக்க சொருகுற கம்பி) இருந்தா திரும்ப போட்டாங்களான்னு கண்ணால பாருங்க. மறுநாள் காலையில டயர் ஆறினதும் காத்து ஒரு தடவ, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ.